தப்புப் பண்ண இடம் கொடுக்கும் தடம்

ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "இது எங்கெல்லாம் ஏறும்?" என்பதுதான். அதற்கு உற்சாகமான பதில்கள் நிறையவே உண்டு. மூன்று கதவு சுசுகி ஜிம்னியை எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அடிப்பாகம் 210 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. முன் பம்பர் இடிக்காமல் 37 டிகிரி மேட்டில் கால் வைக்கும், 28 டிகிரி முகட்டை வயிறு தட்டாமல் தாண்டும், இறங்கும்போது பின்பக்கம் 49 டிகிரி வரை உரசாது. புதிதாக மண் தடத்துக்கு வருபவர் ரொம்ப நாளைக்கு இந்த எண்களின் பக்கத்தில்கூடப் போக வேண்டியதில்லை. வண்டி ஏற்கெனவே தயார். எந்தத் தடத்தில் தொடங்குவது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

எளிய தடம் என்றதும் பலருக்கும் மேடுபள்ளமில்லாத ஒரு மண் சாலைதான் நினைவுக்கு வரும். அதில் சாதாரணக் காரே போகும். கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. நான் ஒரு தடத்தைப் பார்க்கும்போது அது எவ்வளவு கடினம் என்பதை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். அங்கே தப்புப் பண்ணினால் என்ன ஆகும் என்பதுதான் முதல். 15 டிகிரி ஏற்றம் இரண்டு இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் அடியில் அகலமான சமதளம். பாதியில் நின்றுபோனால் பின்னால் இறங்கி வந்து மறுபடி முயலலாம். இன்னொன்றின் அடியில் ஒரு வளைவு, வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. அளந்து பார்த்தால் இரண்டும் ஒரே சாய்வுதான். புதியவரை முதல் ஏற்றத்துக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் அனுப்புவேன். இரண்டாவதுக்கு அழைத்தே போக மாட்டேன்.

தடங்களுக்கு மதிப்பெண் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. 1 முதல் 10 வரை எண் போடுபவர்கள் இருக்கிறார்கள். பச்சை, நீலம், கறுப்பு என்று நிறம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பயனுள்ளதுதான், ஆனால் அந்த எண் காய்ந்த நாளுக்கானது என்பதை மறந்துவிடுகிறோம். களிமண் தடம் ஒரு நல்ல மழைக்குப் பிறகு ஈரச் சோப்பு மாதிரி ஆகிவிடும். நேற்று 2 என்று எழுதியிருந்த இடம் இன்று 6. மணல் இதற்கு நேர் எதிர். லேசாக நனைந்த மணல் இறுகிக் கிடக்கும், வெயிலில் காய்ந்து உதிரியானதும் வண்டியை விழுங்கப் பார்க்கும். அதனால் தடத்தின் பெயரைக் கேட்பதோடு நிற்காமல், கடைசியாக எப்போது மழை பெய்தது என்றும் கேளுங்கள்.

முதல் தடத்தில் நான் தேடுவது இவைதான். எந்த இடத்திலும் நிறுத்த முடிய வேண்டும், கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறையாவது வண்டியைத் திருப்ப இடம் இருக்க வேண்டும். பக்கவாட்டுச் சரிவு இருக்கவே கூடாது, இருந்தாலும் சில மீட்டர்தான். உருண்டு விழ வாய்ப்புள்ள ஓரங்கள் வேண்டாம். நீளம் ஐந்தாறு கிலோமீட்டர் போதும். இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஃபோர் லோ என்ற மிக மெதுவான கியரில் ஓட்டி, நிறுத்தி, இறங்கிப் பார்த்து, பேசிவிட்டு, மறுபடி ஏறி ஓட்டினால் ஐந்து கிலோமீட்டர் ஒரு காலைப் பொழுதைத் தின்றுவிடும். இந்த உலகின் மறுமுனையில் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் ரூபிகான் தடம் இருக்கிறது. நீளம் 35 கிலோமீட்டர் அளவில்தான். வண்டியோடு இரவு தங்கி இரண்டு நாளில் அதைக் கடப்பவர்கள் நிறையப் பேர். இந்த விளையாட்டில் தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்கிட முடியாது.

கிளம்பும் முன் செய்வதில் பாதி, டயர் காற்றைக் குறைப்பது. சாலையில் 32 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை வைத்திருக்கும் டயரை, சரளையும் கல்லும் கலந்த தடத்துக்கு 22 முதல் 25 வரை இறக்கலாம். உதிரி மணல் என்றால் 15 முதல் 18 வரை. காற்று குறைந்தால் டயர் பக்கவாட்டில் பரந்து நிற்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தரையைத் தொடும் பகுதி அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் கூடுகிறது. கல்லின் மேல் ஏறும்போது ரப்பர் அதைச் சுற்றி மடிந்து பிடிக்கிறது, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் முதுகும் தப்பிக்கிறது. ஆனால் 15-க்குக் கீழே போனால் சடாரென்று திருப்பும்போது டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும். குறைத்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடேறிக் கெடும். காற்று அளக்கும் கருவியும் சிறிய கம்ப்ரஸரும் வண்டியில் இல்லையென்றால் காற்றை இறக்கவே வேண்டாம்.

வண்டிக்குள் உதிரியாக எதுவும் கிடக்கக்கூடாது. ஜாக்கி, தண்ணீர்க் கேன், கருவிப் பெட்டி எல்லாம் கட்டப்பட்டிருக்க வேண்டும். இருக்கையைச் சாலையில் வைப்பதைவிட ஒரு படி முன்னால் நகர்த்துங்கள், பானட்டின் விளிம்பு தெரிய வேண்டும். கண்ணாடியை இறக்கிவிடுங்கள். சக்கரம் சுழல்வதும் கல் உரசுவதும் முதலில் காதுக்குத்தான் எட்டும். கட்டைவிரல்களை ஸ்டீயரிங் கம்பிகளுக்குள் கொடுக்காமல் வளையத்தின் மேலேயே வையுங்கள். முன் சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீயரிங் திடீரென்று சுழலும், பழைய வண்டிகளில் விரலே முறியும்.

இனி அந்தச் சின்ன லீவர் அல்லது குமிழ். டூ ஹை என்றால் சாலைக்கான இரண்டு சக்கர இழுப்பு, ஃபோர் ஹை என்றால் வழக்கமான வேகத்தில் நான்கு சக்கர இழுப்பு, ஃபோர் லோ என்றால் நான்கு சக்கரமும் மிக மெதுவாக இழுப்பது. தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்தையும் இணைக்கும் பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் ஃபோர் ஹை போட்டதும் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் (இரு பக்கச் சக்கரங்களையும் தாங்கும் அச்சுகள்) ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படுகின்றன. ஆனால் திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டும். மண்ணிலும் சரளையிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச் சாலையில் வழுக்க வழியில்லை. முறுக்கம் ஷாஃப்டுகளிலும் கியர்களிலும் ஏறிக்கொண்டே போகும், ஸ்டீயரிங் இறுகும், கடைசியில் ஏதாவது உடையும். ஆகவே தார் முடிகிற இடத்தில் போட்டு, தார் தொடங்குகிற இடத்தில் எடுத்துவிடுங்கள்.

ஃபோர் லோவைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. சிக்கிக்கொண்டால் போடும் அவசர கியர் என்று நினைக்கிறார்கள். அது முதலில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கியர். 1941-இல் வந்த வில்லிஸ் எம்பி ஜீப்பிலேயே அது இருந்தது, வேகத்தை ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று விகிதத்தில் குறைத்தது. இன்றைய ஜீப் ராங்ளர் ரூபிகானில் நான்குக்கு ஒன்று. மேனுவல் கியர் வண்டியில் முதல் கியரையும் ஆக்ஸில் விகிதத்தையும் சேர்த்துப் பெருக்கினால் 84-க்கு மேல் வருகிறது. இன்ஜின் 84 சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் விட்டால், 33 அங்குல டயரோடு மணிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கும் குறைவாகவே ஊரும். பக்கத்தில் நடந்து வருபவர் வண்டிக்காகக் காத்திருப்பார். முதல் தடத்தில் கற்க வேண்டிய முக்கியமான விஷயம் இந்த நத்தை வேகத்தில் பொறுமையாக உட்கார்ந்திருப்பதுதான். காலைக் கிளட்சிலிருந்து முழுதாக எடுத்துவிட்டு, வண்டியை அதன் போக்கில் ஊர விடுங்கள். அரைக் கிளட்சில் ஓட்டும் பழக்கம் இங்கே பத்து நிமிடத்தில் தீய்ந்த வாசனையைக் கொண்டுவரும்.

எளிய தடத்திலும் கட்டாயம் இருக்க வேண்டியது, எதிரெதிர் மூலையில் இரண்டு பள்ளங்கள். முன் இடது சக்கரம் ஒரு குழியில், பின் வலது சக்கரம் இன்னொரு குழியில். வண்டி மற்ற இரண்டு சக்கரங்களில் நிற்கும், குழியில் தொங்கும் இரண்டும் வெறுமனே சுழலும். நான்கு சக்கரமும் இழுக்கும் என்று நம்பி வந்தவர் திகைத்துப்போவது இங்கேதான். காரணம் டிஃப்ரன்ஷியல், அதாவது ஆக்ஸிலில் இருந்து இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி. சாதாரண டிஃப்ரன்ஷியல் ஒரு ஆக்ஸிலின் இரு சக்கரங்களுக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் தரும். காற்றில் தொங்கும் சக்கரத்தைச் சுற்ற எவ்வளவு விசை வேண்டும்? கிட்டத்தட்ட ஒன்றுமே வேண்டாம். அப்படியானால் தரையில் ஊன்றி நிற்கும் சக்கரத்துக்கும் அதே "ஒன்றுமில்லை"தான் கிடைக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று தொங்கினால் வண்டி நின்றேவிடும்.

இதற்கு லாக்கர் என்ற தீர்வு உண்டு, இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். பெரும்பாலான புது வண்டிகளில் அதற்குப் பதில் எலக்ட்ரானிக் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கிறது. வெறுமனே சுழலும் சக்கரத்தை அது பிரேக் பிடிக்கும். அதை எதிர்த்துச் சுற்ற விசை தேவைப்படுவதால் மறுபக்கச் சக்கரத்துக்கும் அதே விசை போய்ச் சேரும். இதில் புதியவருக்குக் கஷ்டமான இடம் ஒன்று இருக்கிறது. சக்கரம் சுழலும் சத்தம் கேட்டதும் கால் தானாகவே ஆக்சிலரேட்டரிலிருந்து வந்துவிடும், டிராக்‌ஷன் கன்ட்ரோல் வேலையைத் தொடங்குவதற்குள் வண்டி நின்றிருக்கும். அழுத்தத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அப்படியே பிடித்துக்கொண்டு ஒன்றிரண்டு வினாடி காத்திருங்கள். படபடவென்று ஒரு சத்தம் வரும், வண்டி அதிரும், பிறகு மெதுவாக நகரும். இதைச் சமதளத்தில் இருக்கும் குழியில் ஒரு தடவை அனுபவித்தவர் பிறகு எந்த ஏற்றத்திலும் பதற மாட்டார். இந்த ஒரு பாடத்துக்காகவே இப்படிக் குழிகள் உள்ள தடத்தைத் தேடிப் போகலாம் என்பேன்.

முன்னால் போன வண்டிகள் போட்ட ஆழமான சக்கரத் தடங்களில் இறங்கினால் ஸ்டீயரிங் பொய் சொல்ல ஆரம்பிக்கும். நீங்கள் திருப்பியிருப்பீர்கள், சக்கரமும் திரும்பியிருக்கும், ஆனால் வண்டி பள்ளத்தின் போக்கிலேயே நேராகப் போய்க்கொண்டிருக்கும். பள்ளம் ஆழம் குறையும் இடத்தில் சக்கரம் சட்டென்று பிடித்துக்கொண்டு வண்டியை ஒரு பக்கம் வீசும். சந்தேகம் வந்தால் நிறுத்தி, தலையை வெளியே நீட்டி முன் டயரைப் பாருங்கள். பள்ளம் அடிப்பாகம் உரசும் அளவுக்கு ஆழமென்றால் அதற்குள் இறங்காமல் ஒரு சக்கரத்தை நடு மேட்டிலும் இன்னொன்றை ஓரத்திலும் வைத்துப் போவது நல்லது. தனிக் கல் எதிர்ப்பட்டாலும் இதே கதைதான். சாலையில் பழகிய கை கல்லை இரு சக்கரங்களுக்கு நடுவே விடப் பார்க்கும். அங்கேதான் டிஃப்ரன்ஷியல் குண்டு தொங்கிக்கொண்டிருக்கிறது. டயரை அந்தக் கல்லின் மேல் ஏற்றினால் ஆக்ஸிலும் சேர்ந்து உயரும்.

ஏற்றத்துக்கு வருவோம். முதலில் நடந்து ஏறிப் பாருங்கள். முகட்டுக்கு அந்தப் பக்கம் தடம் எந்தத் திசையில் போகிறது என்பது ஓட்டும்போது தெரியாது, கண்ணாடி முழுக்க வானம்தான் இருக்கும். சாய்வைக் கண்ணால் மதிப்பிட்டால் எப்போதும் கூடுதலாகவே தோன்றும். 20 டிகிரி என்றால் 36 சதவீத ஏற்றம், உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அது செங்குத்துச் சுவர் மாதிரித் தெரியும். நேராக ஏற வேண்டும், குறுக்காக ஒருபோதும் வேண்டாம். நேராக நிற்கும் வண்டி வழுக்கினால் வந்த வழியே கீழே வரும். குறுக்காக நிற்கும் வண்டி உருளும்.

ஏறத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் ஏற முடியாமல் போனால் என்ன செய்வது என்பதைப் பழகிக்கொள்ள வேண்டும். வேண்டுமென்றே பாதி ஏற்றத்தில் நிறுத்துங்கள். பிரேக்கை அழுத்திப் பிடித்து, ரிவர்ஸ் கியர் போட்டு, ஃபோர் லோவில், கிளட்சை முழுதாக விட்டு, பிரேக்கை மெதுவாகத் தளர்த்தி, இன்ஜினின் பிடியிலேயே வந்த தடத்தில் பின்னோக்கி இறங்குங்கள். ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். செய்யக்கூடாதவை இரண்டு. கிளட்சை மிதித்துக்கொண்டோ நியூட்ரலிலோ உருளவிடுவது ஒன்று. பின்னால் போகும் வண்டியைப் பிரேக் மட்டும் பிடித்து நிறுத்தினால் எடை குறைந்த முன் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கும், அப்புறம் ஸ்டீயரிங்குக்கு வேலையில்லை. இன்னொன்று, பாதியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்க முயல்வது. ஏற்றங்களில் நடக்கும் உருளல்களுக்கு இது வெகு சாதாரணமான காரணம். அடியில் சமதளம் உள்ள ஏற்றத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று மேலே சொன்னது இந்தப் பயிற்சிக்காகத்தான். அலுக்கும் வரை செய்து பாருங்கள்.

இறக்கம் சுலபம், பயம் மட்டும் அதிகம். ஃபோர் லோ, முதல் கியர், கிளட்சில் கால் இல்லை. இன்ஜினே பிடித்து வைத்துக்கொள்ளும். பின்பக்கம் ஒரு பக்கமாக நழுவத் தொடங்கினால் பிரேக்கை மிதிக்கத்தான் தோன்றும். அப்போது லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சக்கரங்கள் மறுபடி உருண்டு வண்டி நேராகும். தானியங்கி இறக்கக் கட்டுப்பாடு உள்ள வண்டிகளில் கால் இரண்டையும் தரையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கலாம். 1997-இல் லேண்ட் ரோவர் ஃப்ரீலாண்டரில் அது முதலில் வந்ததற்கே காரணம், அந்த வண்டியில் ஃபோர் லோ இல்லை என்பதுதான். எனக்கு அது பிடிக்கும், ஆனால் முதல் சில இறக்கங்களை அதை அணைத்துவிட்டு இறங்குங்கள். இன்ஜின் எவ்வளவு பிடிக்கும் என்பது அப்போதுதான் காலுக்குத் தெரியும்.

தண்ணீர் இல்லாத தடமே முதல் தடவைக்கு நல்லது. இருந்தால் கணுக்கால் ஆழம், அடி தெரிகிற ஓடை, ஓட்டம் இல்லாதது. காலால் நடந்து கடக்கத் துணியாத தண்ணீரில் வண்டியை இறக்காதீர்கள். தயாரிப்பாளர் சொல்லும் ஆழம் தேங்கிய தண்ணீருக்கானது. ஓடும் வெள்ளம் 30 சென்டிமீட்டர் இருந்தாலே பல கார்களை அடித்துப் போகும், 60 சென்டிமீட்டர் பெரிய வண்டிகளையும் தள்ளும். இன்ஜின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் சிலிண்டருக்குள் அதைச் சுருக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும். நடுவில் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். இன்னொன்றும் உண்டு. சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகவும் காற்றுக் குழாய் வழியாகவும் தண்ணீரை இழுக்கும். கரையில் நின்று சில நிமிடம் ஆறவிட்டு இறங்கலாம். கடந்த பிறகு பிரேக்கைச் சில முறை லேசாகப் பிடித்து உலர்த்திக்கொள்ளுங்கள்.

தனியாகப் போக வேண்டாம். இரண்டாவது வண்டி இருந்தால் சிக்கல்களில் பெரும்பாலானவை அரை மணி நேரப் பேச்சோடு முடியும். முதலில் மண்வெட்டி, பிறகுதான் கயிறு. சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மண்ணை அள்ளினாலே பாதி வண்டிகள் தானாக வெளியே வரும். இழுக்க நேர்ந்தால் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு இணைந்த கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டிரெய்லர் இழுக்கும் குண்டில் கயிறு மாட்டவே கூடாது. அது உடைந்தால் குண்டு தோட்டாவாகப் பறக்கும், அப்படிப் பறந்து உயிர் போயிருக்கிறது. இழுக்கும்போது வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரத்தில், ஓரமாக நிற்க வேண்டும். கைபேசியில் படம் பிடிக்க நெருங்கி வரும் நண்பரைத் துரத்திவிடுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

தடத்தில் சேற்றுக் குட்டை வந்தால் அதைச் சுற்றிப் புல்லில் ஏறிப் போகும் பழக்கம் எனக்கு எரிச்சல் தரும். ஒருவர் போனால் அடுத்தவரும் அதிலேயே போவார், அந்த வழியும் சேறாகும், மூன்றாமவர் இன்னும் விலகுவார். ஒற்றைத் தடமாக இருந்தது சில பருவங்களில் ஒரு மைதானமாக அகலும். அப்புறம் வழியை மூடிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டு என்ன பயன்? 1985-இல் அமெரிக்க வனத்துறை 'ட்ரெட் லைட்லி' (மெல்ல அடியெடுத்து வையுங்கள்) என்ற இயக்கத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். குட்டை கடக்கும் ஆழமென்றால் நடுவிலேயே மெதுவாகப் போங்கள், இல்லையென்றால் திரும்பி வாருங்கள். குறுகிய ஏற்றத்தில் எதிரே வண்டி வந்தால், ஏறி வருபவருக்குத்தான் பெரும்பாலும் முதல் உரிமை. நின்ற இடத்திலிருந்து மறுபடி ஏறத் தொடங்குவது அவருக்குத்தான் கஷ்டம்.

தடம் முடிந்ததும் டூ ஹைக்கு மாற்றி, டயருக்குக் காற்றடித்து, குனிந்து அடியில் ஒரு பார்வை. எண்ணெய் சொட்டுகிறதா, பிரேக் குழாயில் குச்சி சிக்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். சாலையில் வேகமெடுத்ததும் ஸ்டீயரிங் நடுங்கினால் பயப்பட வேண்டாம், அநேகமாக ரிம்மின் உட்பக்கம் சேறு ஒட்டிக் காய்ந்திருக்கும். கழுவினால் போய்விடும்.

அடுத்து எங்கே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, அதே தடத்தில் மறுமுனையிலிருந்து வாருங்கள் என்பதுதான். ஏறிய இடமெல்லாம் இறக்கமாகிவிடும், இறங்கிய இடமெல்லாம் ஏற்றம். குழிகள் வேறு சக்கரங்களைத் தூக்கும். மறைவாக இருந்த கற்கள் முன்னால் நிற்கும். அப்புறம், ஸ்டீயரிங்கைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு வெளியே இறங்கி, கைகாட்டி வழிநடத்திப் பாருங்கள். சைகை காட்டுபவர் ஒருவர் மட்டுமாக இருக்கட்டும், ஓட்டுபவரின் கண்ணில் படும் இடத்தில், வண்டி உருண்டு வந்தால் விலக வழியுள்ள பக்கமாக நின்றுகொண்டு. டயர் கல்லில் ஏறும் விதமும் ஆக்ஸில் மடங்கும் விதமும் வெளியிலிருந்துதான் நன்றாகத் தெரியும்.